அட்லாண்டாவில் வசந்தகால மகரந்த அலர்ஜி: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு செய்முறை

ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் க்ரீக், கம்மிங் பக்கம் குடியிருக்கும் நம் ஆட்களிடம் மார்ச் கடைசியில் பேசிப் பாருங்கள். பாதிப் பேச்சு தும்மலிலேயே போய்விடும். "ஊரில் இருந்தவரை எனக்கு அலர்ஜி என்று ஒன்று இருந்ததே இல்லை" என்பார்கள். உண்மைதான். ஒரு புது மரத்தின் மகரந்தம் உடம்புக்குப் பழக்கமாகி, அதன்மேல் வெறுப்பு வளர ஒன்றிரண்டு பருவங்கள் பிடிக்கும். அதனால்தான் பலருக்கு முதல் வசந்தம் ஒன்றும் செய்யாமல் போகிறது, இரண்டாவதோ மூன்றாவதோ படுக்கையில் தள்ளுகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. இப்போது ஏப்ரலில்கூட மாலை நடைக்குப் போக முடிகிறது. அதற்கு என்னென்ன செய்கிறேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. ஆஸ்துமா இருப்பவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் விஷயத்தில் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும். இழுப்பு, மூச்சுத்திணறல் வந்தால் இந்தப் பதிவை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். காய்ச்சல் இருந்தால் அது அலர்ஜி இல்லை, வேறு ஏதோ தொற்று.

படி 1: எதனால் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மார்ச் மாதத்தில் கார் பானெட், வாசல் படி, பால்கனி நாற்காலி எல்லாவற்றிலும் மஞ்சள் பொடி படியும். மழை பெய்து தேங்கிய தண்ணீர் வற்றும்போது, ஓரத்தில் மஞ்சள் கோடு போட்டதுபோல் நிற்கும். அது பைன் மரத்து மகரந்தம். எல்லோரும் அதைத்தான் திட்டுவார்கள். ஆனால் பைன் மகரந்தத் துகள் பெரியது, மேலே மெழுகுபோல் ஒரு பூச்சு உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அது பெரிய அலர்ஜியைக் கிளப்புவதில்லை. அதே நாட்களில் ஓக், பர்ச், ஹிக்கரி, முசுக்கொட்டை மரங்களும் மகரந்தத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும். அந்தத் துகள்கள் கண்ணுக்கே தெரியாது. தொல்லை பெரும்பாலும் அவற்றால்தான்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மஞ்சள் பொடியை வைத்து நாள் கணக்குப் போடுபவர்கள் எப்போதும் தாமதமாகவே மருந்தைத் தொடங்குகிறார்கள். சில மரங்கள் பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிடும். மஞ்சள் கழுவிப் போன பிறகும் ஓக் விடாது. மே, ஜூனில் புல். ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர்வரை ராக்வீட் என்ற களைச்செடி. உங்களுக்கு எந்த மாதத்தில் தும்மல் வருகிறது என்று ஒரு வருடம் காலண்டரில் குறித்து வையுங்கள். பின்னால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

படி 2: பிப்ரவரி நடுவில் தொடங்குங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே (எது என்று படி 3இல் சொல்கிறேன்) முழுதாக வேலை செய்யச் சில நாட்களிலிருந்து இரண்டு வாரம்வரை ஆகும். மூக்கு வீங்கி அடைத்த பிறகு அடித்தால் மருந்து உள்ளே போகவே வழியிருக்காது. காதலர் தினத்துக்குக் கடையில் ரோஜாக்கள் வந்ததும் ஸ்ப்ரேயையும் வாங்கிவிடுங்கள்.

அன்றாட நிலவரத்துக்கு அட்லாண்டா அலர்ஜி அண்ட் ஆஸ்துமா என்ற மருத்துவக் குழு வெளியிடும் எண்ணிக்கையைப் பாருங்கள். மரமகரந்தம் ஒரு கன மீட்டர் காற்றில் 1,500 துகளைத் தாண்டினாலே மிக மிக அதிகம் என்ற வகையில் வரும். 2025 மார்ச் 29 அன்று இங்கே 14,801 பதிவானது. அதற்கு முந்தைய உச்சம் 2012இல் வந்த 9,369. ஒரு விஷயம்: அந்த எண் முந்தைய 24 மணி நேரத்தில் உண்மையாகவே பிடித்து எண்ணியது. ஃபோன் செயலிகள் காட்டுவது பெரும்பாலும் ஊகக் கணிப்பு. நான் எண்ணிய எண்ணைத்தான் நம்புகிறேன். அதோடு வானிலையையும் சேர்த்துப் பார்த்தால் போதும். வெயிலும் காற்றுமாக இருந்தால் கூடும், நல்ல மழை பெய்தால் குறையும்.

படி 3: மருந்து

ஊரிலிருந்து பெட்டியில் வரும் மாத்திரைகளைப் பற்றி முதலில். மாண்டெக் எல்சி போன்றவற்றில் லெவோசெட்டிரிசினோடு மாண்டிலூகாஸ்ட் என்ற மருந்தும் இருக்கிறது. மனநிலையில் பாதிப்பு வரலாம் என்பதால், 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மாண்டிலூகாஸ்டுக்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்டது. வெறும் தும்மலுக்கு அதை முதல் மருந்தாக எடுக்க வேண்டாம் என்பதே அதன் அறிவுரை. இங்கே அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். ஊரில் அத்தை சாப்பிடுகிறார் என்பதற்காக நீங்களாக விழுங்காதீர்கள். அவில் மாத்திரை தூக்கத்தில் ஆழ்த்தும், அதைப் போட்டுக்கொண்டு 400ஆம் சாலையில் வண்டி ஓட்டக்கூடாது.

என் வரிசை இதுதான். முதலில் ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே: ஃப்ளூட்டிகசோன் அல்லது ட்ரையாம்சினலோன். இரண்டும் சீட்டில்லாமல் கிடைக்கும். ஃப்ளூட்டிகசோன் இருக்கும் ஃப்ளோனேஸில் ஒரு பூ வாசனை வரும், சிலருக்கு அதுவே தலைவலி. அவர்களுக்கு வாசனையில்லாத நாசகார்ட் (ட்ரையாம்சினலோன்) நல்லது, நானும் அதையே வாங்குகிறேன். அது போதாத நாட்களில் செட்டிரிசின் அல்லது லோராடடின் மாத்திரை ஒன்று. செட்டிரிசின் சிலருக்குச் சொக்க வைக்கும், இரவில் போடுங்கள். கண் அரிப்புக்கு மாத்திரையைவிடக் கீட்டோடிஃபென் அல்லது ஓலோபட்டடின் சொட்டு மருந்து சீக்கிரம் கேட்கும்.

பிராண்ட் பெயருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். காஸ்ட்கோவில் கிர்க்லண்ட் பெயரில் 365 செட்டிரிசின் மாத்திரை ஒரே டப்பாவில் கிடைக்கிறது, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான். 2020க்குப் பிறகு இந்த மருந்துகளுக்கு எச்எஸ்ஏ, எஃப்எஸ்ஏ என்ற வரியில்லாத மருத்துவச் செலவுக் கணக்குகளின் பணத்தைச் சீட்டில்லாமலே பயன்படுத்தலாம். பல பேருக்கு இது தெரிவதில்லை.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. ஆஃப்ரின் போன்ற உடனடி அடைப்பு நீக்கி ஸ்ப்ரேயை மூன்று நாளுக்கு மேல் அடித்தால், அதை நிறுத்தும்போது அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். அடுத்தது, பெயரின் கடைசியில் "டி" போட்ட மாத்திரைகள். அவற்றில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு பிபி இருந்தால் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

படி 4: ஸ்ப்ரே அடிக்கும் முறை

இந்தப் படியில்தான் நான் ரொம்ப நாள் சிக்கிக்கிடந்தேன். மருந்து சரியானது, வேளையும் சரி, ஆனால் பலன் இல்லை, கூடவே மூக்கில் ரத்தம் வேறு. காரணம் முழுக்க முழுக்கக் கைப்பழக்கம். கண்ணாடி முன் நின்று ஒருமுறை பொறுமையாகச் செய்து பாருங்கள்.

மூக்கை மெதுவாகச் சிந்துங்கள். புட்டியைக் குலுக்குங்கள். புதுப் புட்டியாக இருந்தால் மெல்லிய சாரல் வரும்வரை காற்றில் சில முறை அழுத்த வேண்டும். இப்போது தலையைக் கொஞ்சம் முன்னால் குனியுங்கள். நம் எல்லோருக்கும் சொட்டு மருந்துப் பழக்கத்தில் தலை தானாகப் பின்னால் சாயும். அப்படிச் சாய்ந்தால் மருந்து நேரே தொண்டைக்குப் போய்விடும்.

அடுத்ததுதான் முக்கியம். இடது மூக்குத் துவாரத்துக்கு வலது கை, வலது துவாரத்துக்கு இடது கை. இப்படிக் கை மாற்றிப் பிடித்தால் புட்டியின் முனை தானாகவே வெளிப்பக்கம், அதாவது அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்த்துத் திரும்பும். ஒரே கையில் இரண்டு பக்கமும் அடித்தால் ஒரு பக்கமாவது முனை நடுத்தண்டைப் பார்த்து நிற்கும். அங்கே தோல் மெல்லியது. தினமும் அங்கேயே மருந்து பட்டால் எரியும், காயும், ரத்தம் வரும்.

முனையை உள்ளே ரொம்பத் தள்ளாமல் அழுத்துங்கள். அழுத்தும்போது பூவை முகர்வதுபோல் லேசாக மூச்சிழுத்தால் போதும். "ஸ்ர்ர்" என்று உறிஞ்சவே கூடாது. தொண்டையில் மருந்துக் கசப்பு தெரிந்தால் நீங்கள் பலமாக இழுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த வேளை மருந்தில் பாதி வயிற்றுக்குப் போயிருக்கும். மறுநாள் இன்னும் மெதுவாக இழுங்கள். அடித்தபின் கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்தாதீர்கள்.

பெரியவர்களுக்கு ஃப்ளூட்டிகசோன் முதல் வாரம் ஒவ்வொரு துவாரத்திலும் தினம் இரண்டு அழுத்தம், அதன்பின் ஒன்று அல்லது இரண்டு என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். தினமும் அடிக்க வேண்டும், தும்மல் வந்த அன்று மட்டும் அடித்துப் பயனில்லை. கண் நீரழுத்த நோய் (கிளாகோமா) இருப்பவர்கள் கண் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

படி 5: மூக்கைக் கழுவுதல்

யோகா வகுப்பில் ஜலநேதி செய்தவர்களுக்கு இது புதிதல்ல. வெளியே போய் வந்ததும் உப்புத் தண்ணீரால் கழுவினால் ஒட்டியிருக்கும் மகரந்தம் வெளியேறிவிடும். நேதிக் கெண்டியைவிட அழுத்தும் பிளாஸ்டிக் புட்டி எளிது. கூட வரும் உப்புப் பொட்டலத்தையே போடுங்கள், சமையல் உப்பு எரியும்.

தண்ணீர் விஷயத்தில் சமரசமே கூடாது. குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடாதீர்கள். நெக்லேரியா என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரை எடுத்துவிடும். 2011இல் லூசியானாவில் இருவர் இப்படிக் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவி இறந்திருக்கிறார்கள். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள், இல்லையென்றால் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். ஃப்ரிட்ஜ் ஃபில்டர் தண்ணீரும் இதற்கு ஆகாது. ஸ்ப்ரேக்கு முன்னால் கழுவுங்கள். பின்னால் கழுவினால் மருந்தும் சேர்ந்து போய்விடும்.

படி 6: வீடு

ஜன்னலை மூடுங்கள். நமக்கு இது கஷ்டம். மார்ச்சில் இதமான காற்று வீசும், கை தானாக ஜன்னலுக்குப் போகும். ஆனாலும் மூடித்தான் ஆக வேண்டும்.

ஏசி ஃபில்டர் வாங்கும்போது, எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்று காட்டும் மெர்வ் எண்ணைப் பாருங்கள். 11 போதும், 13 இன்னும் நல்லது, ஆனால் பழைய இயந்திரம் அதற்கு மூச்சுத்திணறலாம். ஹோம் டிப்போவில் எஃப்பிஆர் என்றும், ஃபில்ட்ரீட் அட்டையில் எம்பிஆர் என்றும் வேறு வேறு அளவுகோல்கள் போட்டிருக்கும். எம்பிஆர் 1900 என்பது கிட்டத்தட்ட மெர்வ் 13. ஃபில்டரின் ஓரத்தில் இருக்கும் அம்புக்குறி காற்று போகும் திசையை, அதாவது இயந்திரத்தைப் பார்த்து இருக்க வேண்டும்.

ஃபில்டர் மாற்றினால் மட்டும் போதாது. தெர்மோஸ்டாட்டில் ஃபேன் "ஆட்டோ"வில் இருந்தால் சூடோ குளிரோ தேவைப்படும்போது மட்டும்தான் ஓடும். வசந்தத்தில் இரண்டுமே தேவைப்படாது, ஆக நல்ல ஃபில்டர் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கும். மார்ச், ஏப்ரலில் ஃபேனை "ஆன்" செய்து வையுங்கள். கோடை வந்ததும் மறுபடி ஆட்டோவுக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் வீட்டில் புழுக்கம் கூடும்.

ஊரிலிருந்து வரும் அம்மாவுக்கு டெக்கில் அடிக்கும் வெயிலைப் பார்த்ததும் வடாம் போட வேண்டும், போர்வையைக் காயப்போட வேண்டும் என்று தோன்றும். மகரந்தம் குறைந்த பிறகு போடட்டும். ஏப்ரலில் டெக்கில் காய்ந்த தலையணை உறையில் படுப்பது மகரந்தத்தில் முகம் புதைத்துத் தூங்குவதுதான். குளியலை இரவுக்கு மாற்றுங்கள், நீளமான முடி இருப்பவர்கள் தலையையும் அலசிவிட்டுப் படுங்கள். செருப்பை வெளியே விடும் பழக்கம் நமக்கு ஏற்கனவே இருக்கிறது, அது இங்கே பெரிய உதவி.

காரில் உள்காற்று சுழலும் பொத்தானை அழுத்தி வையுங்கள். பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் ஒரு ஃபில்டர் இருக்கிறது, நீங்களே மாற்றலாம்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

"ஃபில்டர் மாற்றியும் மேல்மாடி படுக்கையறையில் தும்மல் நிற்கவில்லை" என்று இரண்டு பேர் எழுதினார்கள். இங்கே மாடிவீடுகள் பலவற்றில் மேலுக்கும் கீழுக்கும் தனித்தனி ஏசி இருக்கும். மேல்மாடிக் கூரையில் உள்ள கம்பிச் சட்டத்தைத் திறந்து பாருங்கள், இல்லையென்றால் பரணில் தேடுங்கள். இன்னொரு ஃபில்டர் அங்கே பல மாதமாக மாற்றாமல் கிடக்கலாம்.

"ஆப்பிள் கடித்தால் நாக்கு அரிக்கிறது" என்றார் ஒருவர். பர்ச் மகரந்த அலர்ஜி இருப்பவர்களுக்கு ஆப்பிள், பீச், கேரட், பாதாம் பச்சையாகச் சாப்பிடும்போது வாய் அரிக்கலாம். ராக்வீட் அலர்ஜிக்காரர்களுக்கு வாழைப்பழம், முலாம்பழம், வெள்ளரி. வேகவைத்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. தொண்டை இறுகினாலோ உதடு வீங்கினாலோ அது அவசரம், 911ஐ அழையுங்கள்.

வருடம் முழுக்கச் செட்டிரிசின் சாப்பிட்டு நிறுத்தியதும் உடம்பெல்லாம் தாங்க முடியாமல் அரித்ததாக ஒருவர் எழுதியிருந்தார். இது அபூர்வம்தான், ஆனால் உண்டு. எஃப்டிஏவும் 2025 மே மாதம் இதைப் பற்றி எச்சரித்தது. பருவம் முடிந்ததும் மாத்திரையை நிறுத்துங்கள், மாதக்கணக்கில் தொடரும் தேவை இருந்தால் டாக்டரிடம் பேசுங்கள்.

படி 7: இவ்வளவு செய்தும் கேட்கவில்லை என்றால்

அலர்ஜி டாக்டரிடம் தோல் பரிசோதனைக்கு நேரம் வாங்குங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே செட்டிரிசின் வகை மாத்திரைகளை நிறுத்த வேண்டியிருக்கும், இல்லையென்றால் பரிசோதனையில் எதுவும் தெரியாது. ஸ்ப்ரேயைப் பொதுவாகத் தொடரலாம், முன்பதிவு செய்யும்போது கேட்டுவிடுங்கள். அலர்ஜி ஊசி போடச் சொன்னால், முதல் சில மாதங்கள் வாராவாரம் போக வேண்டும், பிறகு மாதம் ஒருமுறை, மொத்தம் மூன்றிலிருந்து ஐந்து வருடம். ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள். வேலை மாறினால் காப்பீடும் மாறும் நம்மைப் போன்றவர்கள் தொடங்குமுன் செலவுக் கணக்கை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. ஊசியைக் கோடையிலோ இலையுதிர் காலத்திலோ தொடங்கினால் அடுத்த மார்ச்சுக்குள் மருந்தின் அளவு ஓரளவு ஏறியிருக்கும்.