பாலாற்றங்கரையில் சுற்றுச்சூழல் அறிவியல் பயில்வது எப்படி?

எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் சுற்றுச்சூழல் கல்வி என்று ஒரு தாள் கட்டாயமாக உண்டு. அதை வைத்து இத்துறையை எடைபோட்டுவிடக் கூடாது. முதன்மைப் பாடமாக எடுப்பவருக்கு வேதியியலும் புள்ளியியலும்தான் முதுகெலும்பு. ஆகவே சேருவதற்கு முன் கல்லூரியின் பாடத்திட்டத்தை வாங்கி, பகுப்பாய்வு வேதியியலுக்கும் புவித்தகவல் முறைமைக்கும் (ஜி.ஐ.எஸ்., கணினி வரைபட முறை) செய்முறை வகுப்புகள் உள்ளனவா என்று பாருங்கள். முடிந்தால் ஆய்வகத்தையும் நேரில் பாருங்கள். மரம் நடுவது நல்ல காரியம்தான், ஆனால் அதற்குப் பட்டம் தேவையில்லை. பிளஸ் டூவில் வேதியியல் எடுக்காதவர்கள் முதல் பருவத்திலேயே மோலாரிட்டிக் (கரைசலின் செறிவு) கணக்கையும் தரம்பார்த்தலையும் (டைட்ரேஷன்) கைப்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

பழைய வட ஆற்காடு மாவட்டத்து மாணவருக்கு வேறெங்கும் எளிதில் வாய்க்காத ஒரு வசதி உண்டு: பாடநூலில் வரும் மாசு அனைத்தும் பேருந்து செல்லும் தொலைவில் இருக்கிறது. பாலாற்றுப் படுகையிலுள்ள ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழிலை முதலில் புரிந்துகொள்ளுங்கள். பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பிட்டு வருகிறது. ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பெல்லாம் கழிவுநீரில் கரைகிறது. நுண்ணுயிர்களைக் கொண்டு செய்யும் வழக்கமான சுத்திகரிப்பு கரைந்த உப்பை நீக்காது என்பதால்தான் எதிர்ச் சவ்வூடுபரவலும் (ஆர்.ஓ.) ஆவியாக்கிகளும் தேவைப்படுகின்றன. தோல் பதனிடும் குரோமியத்திலும் இரண்டு வடிவங்களைப் பிரித்தறிய வேண்டும். பதனிடப் பயன்படுவது மூவிணைதிற குரோமியம், அதாவது Cr(III). இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுமேட்டில் சிக்கலாக இருப்பது, நீரில் எளிதில் நகரக்கூடியதும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதுமான ஆறிணைதிற வடிவம், அதாவது Cr(VI). இரண்டையும் ஒன்றாக எழுதும் அறிக்கையை நம்ப வேண்டாம்.

முதலாண்டிலேயே உங்கள் ஊரில் ஒரு கிணற்றையோ ஆழ்துளைக் கிணற்றையோ உரிமையாளரின் இசைவுடன் தேர்ந்தெடுத்து, படிப்பு முடியும்வரை அதையே தொடர்ந்து அளந்து வாருங்கள். குழாயில் தேங்கிய நீர் வெளியேறும்படி சில நிமிடம் மோட்டாரை ஓடவிட்டு, பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசியபின் மாதிரி எடுக்க வேண்டும். பி.எச்., மின்கடத்துத்திறன், வெப்பநிலை ஆகிய மூன்றையும் அங்கேயே அளந்து, நாள், நேரம், நீர்மட்டம், அண்மையில் மழை பெய்ததா என்ற விவரங்களுடன் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். மொத்த உலோக அளவுக்கான மாதிரியில் நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். மதிப்பை 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஆறிணைதிற குரோமியத்துக்கான மாதிரியை அவ்வாறு அமிலமாக்கக் கூடாது, தனிப் பாட்டிலில் குளிர்நிலையில் வைத்து விரைவாகச் சோதிக்க வேண்டும். பி.ஓ.டி. (நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவையான ஆக்சிஜன் அளவு) சோதனையைப் பல பாடநூல்கள் 20 பாகை செல்சியஸில் 5 நாள் என்று கூறினாலும், இந்தியத் தர நிர்ணய முறை 27 பாகையில் 3 நாள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கரைந்த திடப்பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கவை, மாற்று நீராதாரம் இல்லாவிட்டால் 2000 வரை. மொத்தக் குரோமியத்தின் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். மே மாத அளவையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய அளவையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒப்பிடும்போதுதான் புள்ளியியல் வகுப்பில் கற்றதற்குப் பொருள் கிடைக்கும். கழிவுமேட்டுக்கோ ஆலைக் கால்வாய்க்கோ தனியாகப் போய் மாதிரி எடுக்காதீர்கள். பேராசிரியரும் முறையான அனுமதியும் இல்லாமல் அது வேண்டாத வேலை.

சட்டத் தாளை மனப்பாடம் செய்வதைவிட, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பை முழுமையாகப் படியுங்கள். முன்னெச்சரிக்கைக் கொள்கையும் (தீங்கு உறுதியாகும்வரை காத்திராமல் முன்பே தடுப்பது), மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதிகள் என்று அது அறிவித்தது. வழக்கின் களம் இதே பாலாறு. அதனுடன் 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தையும் 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தையும் சேர்த்துப் படித்தால் பிரிவுகள் தாமாக நினைவில் நிற்கும்.

வரைபட வேலைக்குக் கட்டணமில்லாத கியூஜிஐஎஸ் (QGIS) மென்பொருள் போதும். வேலையைப் பொறுத்தவரை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறியாளர் பணிக்கு இளநிலை அறிவியல் பட்டம் செல்லாது என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. மேற்படிப்பை நாடுவோருக்கு 2021 முதல் கேட் (GATE) என்னும் தேசிய அளவிலான முதுநிலைத் தகுதித் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியல் என்று தனித் தாள் உள்ளது. உடனே வேலைக்குப் போக வேண்டியவர்கள் நீர்ப் பரிசோதனை ஆய்வகங்களையும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களையும் அணுகலாம். அங்கே விடுமுறைப் பயிற்சி பெறத் துறைத்தலைவரின் கடிதம் கேட்பார்கள் என்பதால், கல்லூரி மூடுவதற்கு முன்பே அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.