மருந்து முடியும் நாளில் நாய்க்குட்டியைக் குளிப்பாட்டுங்கள்

ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணித் தொற்றுக்கான மருந்து முடியும் நாளில் நாய்க்குட்டியின் வாலடியையும் பின்னங்கால்களையும் ஷாம்பு போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துவட்டிவிட்டால், அதே மருந்தை மறுபடி வாங்கும் செலவு மிச்சமாகக்கூடும். மலத்தோடு வெளியேறும் அந்த ஒட்டுண்ணியின் நுண்கூடுகள் மயிரில் ஒட்டிக்கொண்டிருக்க, குட்டி தன்னை நக்கும்போது அவை மீண்டும் குடலுக்குள் சென்றுவிடுகின்றன. மருந்து வேலை செய்தும் கழிச்சல் நிற்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம். குளிர்ந்த ஈரத்தில் இக்கூடுகள் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும், உலர்ந்தால் அழிந்துவிடும் என்பதால், சேலத்து வெயிலில் தரையையும் சாக்கையும் நன்றாகக் காயவிட்டாலே போதும். பனிமூட்டம் விலகாத ஏற்காட்டிலோ படுக்கைத் துணியைக் கொதிநீரில் அலசுவதே நல்லது. மலத்தையும் அன்றன்றே அள்ளிவிட வேண்டும், இல்லையேல் குளிப்பாட்டியது வீண்.

மலப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்த பிறகும் கழிச்சல் நீடித்தால் இம்முறை உதவாது. புண்பட்ட குடல் தேற நாளாகும் என்பதால், பாலை நிறுத்திவிட்டு, குழைந்த சோற்றையும் எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறியையும் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்க்கலாம். இரத்தக் கழிச்சலோ வாந்தியோ சோர்வோ தென்பட்டால் அது பார்வோ என்ற கொடிய வைரஸ் நோயாகவும் இருக்கக்கூடும்; அப்போது குளிப்பாட்டிக் கொண்டிராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.