தங்கும் வசதியுள்ள வான் வண்டியை மிகை மின்னழுத்தத்திலிருந்து காத்தல்

படுக்கை, குளிர்சாதனப் பெட்டி, பற்றரி சார்ஜர் எல்லாம் பொருத்திய வானோடு வட இலங்கையின் வன்னிக்கு வருபவர்கள், பெரும்பாலும் உறவினரின் வளவில் வீட்டு மின்சாரத்தையோ, மடு மாதா கோயிலின் ஆவணித் திருவிழா போன்ற இடங்களில் ஜெனரேட்டரையோ நம்பி வயரை இழுக்கிறார்கள். மின்னல் மட்டுமே ஆபத்து என்று எண்ணி, மிகை மின்னழுத்தத்தைத் தடுக்கும் என்று எழுதியிருக்கும் ஒரு மல்ரிபிளக்கை வாங்கிக்கொண்டு நிம்மதியடைவதுதான் நான் அதிகம் காணும் தவறு.

எங்கள் பக்கத்தில் கூடுதலாகப் பொருட்களை எரிப்பது நியூட்றல், அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் வயர், கழன்றுபோவது. கம்பங்களில் மின்சாரம் கொண்டுவரும் மூன்று பேஸ் வயர்களும் ஒரு பொது நியூட்றலும் செல்ல, ஒவ்வொரு வீடும் ஒரு பேஸை எடுக்கிறது. அந்த நியூட்றல் அறுந்தால் வெவ்வேறு பேஸ்களில் உள்ள வீடுகள் 400 வோல்ற்றுக்கு இடையே ஒன்றன்பின் ஒன்றாக இணைந்துவிடுகின்றன. குறைவாக மின்சாரம் பாவிக்கும் வீட்டுக்கே அதிக வோல்ற் போய்ச் சேரும். ஒட்டுசுட்டானுக்கு அருகே ஒரு வளவில் என் வான் நின்றபோது மின்குமிழ்கள் திடீரெனப் பளிச்சிட்டன. நான் ஓடிப்போய்ப் பிளக்கைக் கழற்றுவதற்குள் சார்ஜர் புகைந்துவிட்டது. மல்ரிபிளக்கினுள் இருக்கும் வரிஸ்டர் எனும் சிறிய காப்புறுப்பு மைக்ரோ செக்கன் கணக்கில் வந்துபோகும் ஏற்றத்தை விழுங்கவே செய்யப்பட்டது. நிமிடக்கணக்கில் நீடிக்கும் அதிக வோல்ற்றில் அதுவே எரிந்துபோகும்.

ஆகவே வானுக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில் இரண்டு கருவிகள் வேண்டும். முதலாவது, வோல்ற் குறைந்தாலோ கூடினாலோ இணைப்பைத் துண்டிக்கும் தானியங்கிக் காப்பு. இலங்கையில் விநியோக வோல்ற் 230. ஆறு வீதம் கூடவோ குறையவோ அனுமதி உண்டு, அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. எனவே 255க்கு மேலும் 190க்குக் கீழும் துண்டிக்குமாறு நான் அமைத்திருக்கிறேன். மின்சாரம் திரும்பிய பிறகு மூன்று நிமிடம் தாமதித்து இணைக்கச் செய்தால் குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிரசரும் பிழைக்கும். இரண்டாவது, மின்னலின் தாக்கத்தை ஏர்த்துக்கு, அதாவது நிலத்தோடு இணைக்கும் கம்பிக்கு, இறக்கும் இரண்டாம் வகை (Type 2) மிகை மின்னழுத்தக் காப்பு. அதைத் தனக்கென ஒரு பிரேக்கரோடு பொருத்தி, அதன் வயர்களை அரை மீற்றருக்குள் வைத்திருங்கள். வயர் நீண்டால் காப்பின் பயன் குறைந்துவிடும்.

இவை இரண்டும் இருந்தாலும் ஏர்த் சரியில்லாவிட்டால் பாதுகாப்பு முழுமையாகாது. இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ஏர்த் கம்பிதான். கோடையில் மண் காய்ந்துவிட்டால் அதன் தடை ஏறிவிடும். டயர்களின் மேல் நிற்கும் வானின் உடலில் மின்சாரம் கசிந்தால், கதவைத் தொடும் பிள்ளையின் உடல் வழியாகத்தான் அது நிலத்துக்கு இறங்கும். பிளக்கைச் செருகும் முன்னர், பழக்கமுள்ள ஒருவரைக் கொண்டு பேஸ்–நியூட்றல், பேஸ்–ஏர்த், நியூட்றல்–ஏர்த் ஆகிய மூன்றையும் மல்ரிமீற்றரால் அளவிடுங்கள். முதல் இரண்டும் 230ஐ ஒட்டியும், கடைசி ஓரிரு வோல்ற்றாகவும் இருக்க வேண்டும். மல்ரிமீற்றர் மோசமான ஏர்த்தையும் நல்லதாகக் காட்டக்கூடும் என்பதால், வானுக்குள், மின்சாரம் கசிந்தால் துண்டித்துவிடும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

வளவு பெரிதென்றால் வயரும் நீளும். 30 மீற்றர் தூரத்துக்கு 10 அம்பியர் எடுக்கும்போது 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் ஐந்து வோல்ற்றளவில்தான் இழப்பு. 1 சதுர மில்லிமீற்றர் வயரில் அது பதின்மூன்று வோல்ற். சுருட்டிய வயரை முழுதாக விரித்துவிடுங்கள், சுருளுக்குள் சூடேறும்.

ஜெனரேட்டரில் பெரிய சுமை ஒன்றை நிறுத்தியவுடன் வோல்ற் துள்ளும். ஆகையால் ஒலிபெருக்கியும் அலங்கார விளக்குகளும் ஓடும் அதே ஜெனரேட்டரில் வானை இணைக்காதீர்கள்.

பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரங்களில் இடி கேட்கத் தொடங்கினால், எந்தக் காப்பையும் நம்பாமல் பிளக்கைக் கழற்றி வயரை வானிலிருந்து தள்ளி வையுங்கள். மின்னல் தலைக்கு மேலே வந்த பிறகு பிளக்கையோ வயரையோ தொடக்கூடாது.

வானின் பற்றரியில் ஓடும் 12 வோல்ற் பக்கத்துக்கு இரண்டே விதிகள்: எஞ்சின் ஓடும்போது பற்றரியைக் கழற்றாதீர்கள், எஞ்சினோடு சுழன்று பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஓல்டனேற்றர் பல பத்து வோல்ற்றை எறிந்துவிடும்; சோலார் தகட்டை முதலில் துண்டித்துவிட்டே பற்றரியைத் துண்டியுங்கள்.