நோயாளியைப் பராமரிக்கும் வீட்டில் சோலைவரிச் சுமையைக் குறைப்பது எப்படி?

கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் முதியவரையோ நோயாளியையோ வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்களுக்குச் சோலைவரியில் (வீடு, கட்டடங்களுக்கு மாநகர சபை அறவிடும் வரியில்) மிக உறுதியாகக் கிடைக்கும் சலுகை, உரிய நாளுக்குள் பணம் கட்டுவதால் வருவதே ஆகும். இரவு பகலாக ஒருவரைக் கவனிக்கும் வீட்டில் முதலில் தவறிப்போவதும் திகதிதான் என்பதால், இதை முதலில் ஒழுங்குபடுத்துங்கள்.

படி 1: வரிப்பட்டியலில் உள்ள மதிப்பீட்டு இலக்கம், வருடாந்தப் பெறுமதி (வரியைக் கணிக்க அடிப்படையாகும் தொகை), நிலுவை ஆகியவற்றை ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஆண்டு வரி முழுவதையும் ஜனவரி 31க்குள் செலுத்தினால் 10 வீதக் கழிவு கிடைக்கும், அது இயலாதவர்கள் ஒவ்வொரு காலாண்டின் முதல் மாதத்துக்குள்ளும் செலுத்தினால் 5 வீதம் கிடைக்கும். ஆண்டு வரி 24,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், முதல் வழியில் 2,400 ரூபாவும் இரண்டாவதில் 1,200 ரூபாவும் மிஞ்சும். மருந்துச் செலவுள்ள வீட்டுக்கு இது சிறு தொகையன்று. பணம் கட்ட உரிமையாளரே போகவேண்டியதில்லை. நிலுவையை வளரவிட்டால், அதை அறவிடப் பிறப்பிக்கும் வாரண்டின் செலவும் சேர்ந்துவிடும்.

படி 3: வீடு எப்படிப் பதிவாகியுள்ளது என்று பாருங்கள். வியாபார இடத்துக்கும் வசிப்பிடத்துக்கும் வரி வீதம் வேறு. கொட்டாஞ்சேனை போன்ற இடங்களில் முன்னறையைக் கடையாக நடத்திய அப்பா படுக்கையில் விழுந்த பின், கடைப்பலகைகள் நிரந்தரமாகச் சாத்தப்பட்டு, அதே அறையில் அவருடைய கட்டில் போடப்பட்டிருக்கும். பட்டியலிலோ அது இன்னமும் கடையாகவே இருக்கும். அவ்வாறாயின், பயன்பாடு மாறியதை எழுத்தில் அறிவித்து, நேரில் பார்வையிட்டு மறுமதிப்பீடு செய்யும்படி மாநகர சபையின் மதிப்பீட்டுப் பிரிவைக் கேளுங்கள்.

படி 4: புதிய மதிப்பீட்டு அறிவித்தல் வந்தால், அதில் குறிப்பிட்ட நாளுக்குள் ஆட்சேபனையை எழுத்தில் கொடுங்கள். வருடாந்தப் பெறுமதி என்பது அவ்வீட்டுக்குக் கிடைக்கக்கூடிய வாடகையை வைத்துக் கணிக்கப்படுவதால், ஆட்சேபனைக் கடிதத்தில் நோயைப் பற்றி எழுதுவதைவிட ஒழுகும் கூரை, ஒடுங்கிய பாதை, அயலில் அதேபோன்ற வீட்டின் வாடகை ஆகியவற்றை எழுதுவதே பலன் தரும்.

படி 5: உரிமையாளர் அம்மாவோ அப்பாவோ என்றால், அவர்களுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே நொத்தாரிசிடம் அற்றோணித் தத்துவம் (அவர்கள் சார்பில் நீங்கள் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி வையுங்கள், நினைவு தவறிய பின்னர் அதை எழுத முடியாது, நீதிமன்றத்தையே நாடவேண்டி வரும். மாநகர சபை இயங்கும் நகர மண்டபத்தில் எந்தக் கடிதத்தைக் கொடுத்தாலும், உங்கள் பிரதியில் திகதியுடன் முத்திரை பெற்றுக்கொண்டே திரும்புங்கள்.