என் மியாட்டாவின் மங்கல் கண்கள்

நியூ ஜெர்சியில் நான் ஓட்டுவது 1991 மஸ்டா மியாட்டா கார். பட்டனை அழுத்தினால் தவளைக் கண் மாதிரி விளக்குகள் மேலே எழும். எழுந்து என்ன பயன்? வெளிச்சம் சிம்னி விளக்கு அளவுதான். ஒரு ராத்திரி குறுக்கே வந்த மான், கிட்டே போன பிறகுதான் தெரிந்தது.

பல்பும் கண்ணாடியும் ஒரே துண்டாக மூடிய பழைய 7 அங்குல சீல்டு பீம் விளக்கைக் கழற்றிவிட்டு, பல்பு மட்டும் மாற்றக்கூடிய எச்4 வகை விளக்கை மாட்டினேன். அதே மூன்று முள் சாக்கெட் பொருந்தியது. கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

அப்புறம்தான் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். இன்ஜின் ஓடும்போது மெயின் ஃப்யூஸ் பெட்டியில் 14.1 வோல்ட், விளக்குச் சாக்கெட்டில் 12.2. மிச்சத்தை முப்பது வருஷ ஒயரும் சுவிட்சும் தின்றுவிட்டன. வோல்ட் பத்து சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும்.

இந்தக் காரில் பேட்டரி டிக்கியில் இருப்பதால், முன்பக்க ஃப்யூஸ் பெட்டியிலிருந்தே தடித்த ஒயர் இழுத்தேன். லோ பீமுக்கு ஒரு ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), ஹை பீமுக்கு ஒன்று, தனித்தனி ஃப்யூஸ், புது எர்த். பழைய ஒயருக்கு இப்போது ரிலேயைத் தட்டிவிடும் வேலை மட்டும்தான். சாக்கெட்டில் 13.7!

எல்இடி பல்பு போடச் சொன்னார்கள், போடவில்லை. இழை பல்புக்காகச் செய்த விளக்கின் பிரதிபலிப்புக் கிண்ணத்தில் அது எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தும்.

ஒரு முட்டாள்தனமும் செய்தேன். விளக்கைப் பிடித்திருக்கும் வளையத்தின் திருகு என்று நினைத்து, விளக்கின் கோணத்தை மாற்றும் திருகைத் திருகிவிட்டேன். கராஜ் கதவுக்கு 25 அடி தள்ளி காரை நிறுத்தி, ஒளி விழ வேண்டிய இடத்தைக் கதவில் டேப் ஒட்டிக் குறித்து, மறுபடி சரிசெய்ய ஒரு மாலை முழுக்கப் போயிற்று. டேப் இன்னும் கதவிலேயே இருக்கிறது.