லூர்து மாதா திருத்தலத்துக்குக் குழுவாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குக் கோயில் அறிவிப்புப் பலகையில் ‘பாத்திமா – லூர்து – ரோம்’ என்று துண்டறிக்கை ஒட்டியதும் பெயர் கொடுக்கக் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. அப்படிப் போகிறவர்களில் பலர் பிரான்சில் இருக்கும் லூர்தைச் சரியாகப் பார்க்காமலே திரும்புகிறார்கள் என்பதுதான் வேதனை. போன ஆண்டுக் குழு எங்கே கோட்டை விட்டதோ அதே இடத்தில்தான் இந்த ஆண்டுக் குழுவும் விடுகிறது. பாஸ்போர்ட்டை மறப்பது, புதுச் செருப்பு காலைக் கடிப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவற்றைப் பார்ப்போம்.

லூர்தில் ஒரே ஓர் இரவு

இதைப் போலப் பணத்தையும் விழுங்கி மனத்தையும் நோகடிக்கும் தவறு வேறில்லை. நிகழ்ச்சி நிரலில் ‘7-ஆம் நாள்: லூர்து. கெபி தரிசனம், மெழுகுதிரி பவனி. இரவு தங்கல்’ என்று ஒரு வரி இருக்கும். கெபி என்பது மாதா காட்சி தந்த பாறைக் குகை. படிக்கும்போது எல்லாம் இருப்பதுபோலத் தோன்றும். அந்த வரிக்குள் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று கேட்பவர்தான் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். போர்ச்சுகலில் உள்ள பாத்திமாவிலிருந்து லூர்துக்குச் சாலை வழியாக ஏறக்குறைய 1,000 கி.மீ. ஐரோப்பியச் சட்டப்படி பஸ் ஓட்டுநர் ஒரு நாளில் 9 மணி நேரம்தான் ஓட்டலாம். வாரத்தில் 2 நாள் மட்டும் 10 மணி நேரம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். எவ்வளவு கெஞ்சினாலும் அவர் மீறமாட்டார். வண்டியில் இருக்கும் கருவியில் எல்லாம் பதிவாகிறது. அதனால் வழியில் ஸ்பெயினில் சலமன்காவிலோ புர்கோசிலோ ஓர் இரவு தங்கல். மறுநாள் லொயோலாவில் இறங்கிப் புனித இஞ்ஞாசியார் பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு லூர்து வந்து சேரும்போது மாலை 6 அல்லது 7 மணி ஆகிவிடும். 40 பேருக்கும் அறைச் சாவி கொடுத்து, 3 பேர் மட்டுமே நிற்கக்கூடிய லிஃப்டில் பெட்டிகளை ஏற்றி முடிக்கவே முக்கால் மணி நேரம். பிறகு சாப்பாடு. 9 மணிக்குப் பவனி. மறுநாள் காலை 8 மணிக்குப் பெட்டியோடு மறுபடி பஸ்ஸில்.

இதில் என்னென்ன போயிற்று என்று பாருங்கள். மாலை 5 மணி நற்கருணைப் பவனி போயிற்று. நோயாளிகளுக்கு நற்கருணை ஆசீர் கொடுப்பது அந்தப் பவனியின் முடிவில்தான். சக்கர நாற்காலியில் வந்தவர்கள் முன்வரிசையில் இருக்க, மற்ற எல்லாரும் அவர்களுக்குப் பின்னால் நிற்கும் காட்சியைப் பார்க்காதவர் லூர்தைப் பார்த்தவராக மாட்டார். தொண்டர்கள் ஊற்று நீரைக் கையில் ஊற்றித் தரும் குளியல் கூடம் நீங்கள் வரும்போது மூடியிருக்கும். காலையில் வரிசை நகர்வதற்குள் பஸ் கிளம்பிவிடும். மாதாவின் காட்சி கண்ட சிறுமி பெர்னதெத்தின் குடும்பம் குடியிருந்த ‘கஷோ’ ஊருக்குள் இருக்கிறது. முன்பு சிறையாக இருந்த அறை அது. சுமார் 16 சதுர மீட்டர்தான். பெற்றோரும் 4 பிள்ளைகளும் அதற்குள்தான் படுத்து எழுந்தார்கள். அதுவும் பூட்டியிருக்கும். கெபிக்கு மேலே குன்றில் 1.5 கி.மீ. நீளத்துக்குச் சிலுவைப் பாதை. 115 ஆளுயர வார்ப்பிரும்பு உருவங்கள். செபித்துக்கொண்டே ஏறி இறங்க ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். இருட்டில் அது நடக்காது. மீதி இருப்பது கெபிக்கு முன்னால் 20 நிமிடமும், களைத்த காலோடு ஒரு பவனியும்.

அந்தப் பவனியும் சில சமயம் கைநழுவிவிடும். எல்லைக்கு அருகே போக்குவரத்து நெரிசலில் ஒரு மணி நேரம் போய்விட்டால் போதும். வயதான அம்மா ஒருவர் மெழுகுதிரியைக் கையில் வாங்கிக்கொண்டு 9.50-க்கு வாயிலுக்குள் வருவார். எதிரே ஆயிரக்கணக்கான திரிகள் அணைந்து, கூட்டம் கலைந்து வந்துகொண்டிருக்கும். அவருடைய திரி ஏற்றப்படாமலே பெட்டிக்குள் போகும். வழிகாட்டியைத் திட்டிப் பயன் இல்லை. தவறு நடந்தது முன்பணம் கட்டிய அன்று.

முன்பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். லூர்தில் எத்தனை இரவு? முதல் நாள் எத்தனை மணிக்குள் வந்து சேர்வோம்? கடைசி நாள் எத்தனை மணிக்குக் கிளம்புவோம்? 2 இரவு என்பது குறைந்தபட்சம். அதிலும் ஒரு பொறி உண்டு. இரண்டு இரவுக்கு நடுவில் கிடைக்கும் ஒரே முழு நாளில் ‘பிரனீஸ் மலை உலா, கவர்னி அருவி’ என்று எழுதியிருப்பார்கள். மலை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த உலா முடிந்து திரும்பும்போது 5 மணிப் பவனி முடிந்திருக்கும். அந்த நாளில் வெளியூர் எதுவும் வேண்டாம் என்று குழுவாகச் சேர்ந்து சொல்லுங்கள். விமானக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் கூடுதலாக ஓர் இரவுக்கு ஆகும் செலவு பெரிதல்ல.

ஏற்கெனவே ஓர் இரவுத் திட்டத்தில் பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் ஒன்று செய்யலாம். விடியற்காலை 6 மணிக்கு எழுந்து தனியாகக் கெபிக்குப் போய்விடுங்கள். அந்த நேரத்தில் வரிசை கிடையாது. பாறையைக் கையால் தடவிக்கொண்டே மாதா சுரூபத்தின் கீழே நடந்து போகலாம். 1858 பிப்ரவரி 25 அன்று பெர்னதெத் மண்ணைக் கையால் தோண்டிக் கண்ட ஊற்று, கெபியின் உள்ளே கண்ணாடிக்கு அடியில் தெரியும். சுரூபத்தின் அடியில் பொறித்திருப்பது அவள் பேசிய வட்டார மொழி: ‘நாமே அமல உற்பவம்’, அதாவது பிறவிப் பாவமின்றிக் கருவானவள் என்று பொருள்.

சாப்பாட்டை 8 மணிக்கு வைப்பது

ஓட்டலில் இரவு உணவு ஒரு பந்திக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சூப், பிரதான உணவு, இனிப்பு என்று ஒவ்வொன்றாகத்தான் வரும். 8 மணிக்கு உட்கார்ந்தால் 9 மணிப் பவனிக்குப் போக முடியாது. 7 மணிக்குள் பந்தி என்று வழிகாட்டியை முதல் நாளே ஓட்டலில் சொல்லவையுங்கள். 8.30-க்குத் திருத்தலத்துக்குள் இருந்தால் பவனி தொடங்கும் இடத்தில் நிற்கலாம். மெழுகுதிரிக்கு ஒரு காகிதக் கூடும் சேர்த்துத் தருவார்கள். மடிப்பைப் பிரித்துத் திரியின் சுடர் அதற்கு உள்ளே இருக்கும்படி நிறுத்தினால்தான் காற்றில் அணையாது, மெழுகும் கையில் சொட்டாது. காகிதத்தில் பாடல் வரிகள் இருக்கும். ‘ஆவே, ஆவே’ என்று வரும்போது எல்லாரும் திரியை உயர்த்துவார்கள்.

நவம்பரிலிருந்து மார்ச் வரை போவது

கட்டணம் குறைவு என்று சேர்ந்துவிடாதீர்கள். பவனிகள் தினமும் நடப்பது ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான். குளிர்காலத்தில் ஓட்டல்களிலும் பல மூடிக்கிடக்கும். திருநாளான பிப்ரவரி 11-ஐ ஒட்டிப் போவது வேறு கணக்கு.

கெபிக்கு முன்னால் விளக்கவுரை

அங்கே மௌனம் காக்க வேண்டும். வழிகாட்டி நின்று வரலாறு சொன்னால் தொண்டர்கள் வந்து தடுப்பார்கள். அது குழுவுக்கே தலைகுனிவு. சொல்ல வேண்டியதை எல்லாம் செபமாலை பசிலிக்காவுக்கு எதிரே இருக்கும் முடிசூட்டிய மாதா சுரூபத்தடியில் சொல்லி முடித்துவிடச் சொல்லுங்கள். யாராவது வழி தவறினால் வந்து சேர வேண்டிய இடமாகவும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ‘பசிலிக்கா வாசல்’ என்று மட்டும் சொன்னால் குழப்பம்தான். மேலே அமல உற்பவ மாதா பசிலிக்கா, கீழே செபமாலை பசிலிக்கா, புல்வெளிக்கு அடியில் 1958-இல் கட்டிய புனித பத்தாம் பத்திநாதர் பசிலிக்கா என்று அங்கே மூன்று இருக்கின்றன.

குளியலை மட்டுமே நம்பிப் போவது

பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, கல் தொட்டியில் முழுக்கு நிச்சயம் என்று பலர் நினைக்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு முறை மாறியது. பெரும்பாலோருக்கு இப்போது ‘நீர்ச் சடங்கு’தான்: தொண்டர் ஒருவர் குவளையிலிருந்து உங்கள் உள்ளங்கையில் நீர் ஊற்றுவார், கையையும் முகத்தையும் கழுவி, ஒரு வாய் குடிக்கலாம். ‘ஊற்றில் பருகு, கழுவிக்கொள்’ என்று மாதா சொன்னது இதைத்தான் என்பதால் இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். முழுக்கு எப்போது, யாருக்கு என்பதைத் திருத்தலத்தின் அறிவிப்பில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கிடைத்தால், நீர் 12 டிகிரி அளவில் இருக்கும். இதய நோய் உள்ளவர்கள் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. பெண்கள் வரிசைதான் எப்போதும் நீளம். எதற்கும் கட்டணம் கிடையாது.

பெர்னதெத்தின் உடலை லூர்தில் தேடுவது

அது லூர்தில் இல்லை. நெவேர் என்ற பிரெஞ்சு நகரில் இருக்கிறது. 1866-இல் அவர் லூர்தை விட்டுப் போய் அங்கே துறவு மடத்தில் சேர்ந்தார். 1879 ஏப்ரல் 16 அன்று அங்கேயே இறந்தார். கண்ணாடிப் பேழை இருப்பது அந்த மடத்துச் சிற்றாலயத்தில். லூர்திலிருந்து ஒரு நாள் பயணமாகப் போய்வரும் தூரமில்லை. பாரிசிலிருந்து தெற்கே சுமார் 250 கி.மீ. என்பதால், திட்டத்தில் பாரிஸ் இருந்தால் அந்தப் பக்கத்தோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

நோயாளியைப் பின்வரிசையில் நிறுத்துவது

நடக்க முடியாத பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் கூச்சப்பட்டு ஓரமாக நிற்கிறார்கள். லூர்தில் முதலிடமே அவர்களுக்குத்தான். குழுத் தலைவர் முன்கூட்டியே தெரிவித்தால் தொண்டர்கள் உதவிக்கு வருவார்கள். பவனியில் நோயாளிகளின் வரிசை எது என்று அவர்களைக் கேட்டு, அதில் போய்ச் சேருங்கள். குன்றுச் சிலுவைப் பாதையில் சக்கர நாற்காலி ஏறாது. ஆற்றங்கரைப் பக்கம் சமதளத்தில் பளிங்குச் சிலுவைப் பாதை ஒன்று தனியாக இருக்கிறது.

தமிழ்த் திருப்பலிக்கு அங்கே போய் இடம் கேட்பது

கிடைக்காது. பயணத்துக்குப் பல மாதங்கள் முன்பே திருத்தல அலுவலகத்தில் சிற்றாலயமும் நேரமும் பதிவு செய்ய வேண்டும். உடன் வரும் குருவானவர் தம் ஆயரிடமிருந்து பெற்ற குருத்துவச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

விசாவைத் தவறான நாட்டில் கேட்பது

லூர்துக்குத்தானே போகிறோம் என்று பிரான்சுக்கு விண்ணப்பிக்கிறார்கள். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் முறையின் விதிப்படி அதிக இரவுகள் தங்கும் நாட்டில்தான் கேட்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. ரோமிலும் அசிசியிலும் 4 இரவு, லூர்தில் 2 இரவு என்றால் இத்தாலி.

மெழுகுதிரி

திரியை ஏற்றிவைக்கக் கெபிக்கு முன்னால் இடம் தேடாதீர்கள். பாலத்தைத் தாண்டி ஆற்றின் அக்கரைக்குப் போங்கள்.

கடைத்தெரு

பகலில் வேண்டாம். சீசனில் பவனிக்குப் பிறகும் கடைகள் திறந்திருக்கும்.

தீர்த்தத்தைக் கைப்பையில் வைப்பது

பல விமான நிலையங்களில் 100 மி.லி.க்கு மேல் போனால் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். பெரிய பெட்டிக்குள் வையுங்கள். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு எத்தனை பாட்டில் என்று முடிவு செய்யுங்கள். கெபிக்கு அருகில் உள்ள குழாய்களில் நீர் இலவசம். பாட்டில் மட்டும் உங்களுடையது. மாதா உருவத்தில், தலையில் நீலக் கிரீடமே மூடியாக இருக்கும் பாட்டில்களை எல்லாரும் ஆசையாக வாங்குவார்கள். அந்த மூடி பெரும்பாலும் இறுகாது. சாதாரணத் தண்ணீர் பாட்டிலில் நிரப்பிக் கொண்டுவந்து, வீட்டில் மாதா பாட்டிலுக்கு மாற்றிக்கொள்ளலாம். விளிம்பு வரை நிரப்பாமல் இரண்டு விரல் இடம் விட்டு மூடி, திருகிய இடத்தைச் சுற்றி டேப் ஒட்டி, பிளாஸ்டிக் பையில் கட்டி, பெட்டியில் வைக்கும் முன் கால் மணி நேரம் தலைகீழாக நிறுத்திப் பாருங்கள்.