நல்லா இருக்கு, நல்லா இல்லை: கருத்துச் சொல்லும்போது தவறும் இடங்கள்

கும்பகோணத்தில் நாங்கள் ஆறேழு பேர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காவிரிப் படித்துறையில் கூடுவோம். அந்த வாரம் படித்தது, பார்த்தது எல்லாம் அங்கே பேச்சுக்கு வரும். வாத்தியார் ஒருவர், பாத்திரக் கடைக்காரர் ஒருவர், திருத்துறைப்பூண்டிப் பக்கம் நிலம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், இப்படிக் கலவையான கூட்டம். இவர்கள் பேச்சை நம்பித்தான் நான் புத்தகம் வாங்குகிறேன், தியேட்டருக்கும் போகிறேன். அதனால் ஒருவர் சொல்லும் கருத்து எங்கே பிசகுகிறது என்பதை ரொம்ப நாளாகக் கவனித்து வருகிறேன்.

முதல் பிசகு எல்லோருக்கும் தெரிந்தது. "அருமை", "மொக்கை", "செகண்ட் ஹாஃப் லேக்" என்று தீர்ப்பை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது. எந்தக் காட்சியில் அலுப்புத் தட்டியது, யார் பேசும்போது கவனம் கலைந்தது என்று ஒரே ஒரு இடத்தைச் சொன்னால் போதும். கேட்பவர் தனக்கு அது அலுக்குமா அலுக்காதா என்று தானே முடிவு செய்துகொள்வார்.

அடுத்தது, நாவலைக் கையில் வைத்துக்கொண்டு படத்துக்கு மார்க் போடுவது. 2022 செப்டம்பரில் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வந்தபோது டெல்டாவில் இந்தப் பேச்சு இல்லாத டீக்கடை கிடையாது. நாவலில் வந்தியத்தேவன் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருவதோடு கதை தொடங்கும். அந்த ஏரியைத்தான் இன்று வீராணம் என்கிறோம். அதைப் படித்து வளர்ந்தவர்களுக்குப் படத்தில் விடுபட்ட ஒவ்வொன்றும் வலித்தது. எனக்கும் வலித்தது. ஆனால் கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார். அடுத்த இதழ் வரும்வரை வாசகரைக் காக்க வைக்க வேண்டும் என்பதால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு முடிச்சு போட்டுக்கொண்டே போனார். இரண்டே பாகமாக வரும் படத்தில் அத்தனை முடிச்சுக்கும் இடம் கிடையாது. எதை விட்டார்கள் என்ற பட்டியல் எங்கள் படித்துறையில் ஒரு மணி நேரம் ஓடியது. விட்டதால் படத்துக்குள் என்ன ஆயிற்று என்பது கடைசிப் பத்து நிமிஷத்தில்தான் வந்தது. சோழப் பட்டத்துக்கு உரிமை கோரும் மதுராந்தகர் உண்மையில் யார் என்பதில் நாவலும் படமும் வேறு வேறு வழியில் போகின்றன. (எப்படி என்று சொல்ல மாட்டேன். எழுபது வருஷக் கதையானாலும் இன்றைக்குத்தான் முதல் பாகத்தை எடுத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், முடிச்சை அவிழ்த்துவிடுவதும் தவறுதான்.) அந்த மாற்றத்தால், இரண்டாம் பாகத்தில் பட்டத்தை விட்டுக்கொடுக்கும் கடைசிக் காட்சியின் கனம் கூடியதா, குறைந்ததா? பேச வேண்டியது அதைத்தான். குறைந்தது என்பது என் கட்சி. பாத்திரக் கடைக்காரர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

டெல்டாக்காரர்களுக்கென்றே ஒரு பிசகு உண்டு. நம் மண்ணைப் பற்றிய படமோ புத்தகமோ என்றால் உடனே "எங்க ஊரு இப்படியா இருக்கு?" என்று ஆரம்பித்துவிடுவோம். வட்டார வழக்கு தப்பு, வயல் தப்பு, பந்தியில் பரிமாறும் வரிசை தப்பு. இந்தக் கண் வேண்டாத கண் என்று நான் சொல்ல மாட்டேன். வெளியூர் விமர்சகருக்கு வாய்க்காத கண் அது. ஆனால் எந்தத் தப்பு கதையை உடைக்கிறது, எது உடைக்கவில்லை என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில் சொல்லிவிடுகிறோம்.

ஒரு உதாரணம். சில வருஷம் முன்பு பார்த்த ஒரு படத்தில் கடைமடை விவசாயி, அதாவது வாய்க்கால் முடியும் கோடியில் நிலம் வைத்திருப்பவர் ஒருவர், தண்ணீருக்காகக் காத்திருப்பார். ஆடி பிறந்துவிட்டது, வாய்க்கால் வறண்டு கிடக்கிறது, கடன்காரர் வாசலில் நிற்கிறார். அடுத்த ஷாட்டில் அவர் நடந்து போகும் வரப்பின் இரண்டு பக்கமும் பொன்னாய் விளைந்த நெல்! மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். குறித்த நாளில் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். மேல்பக்கம் போர்வெல் வைத்திருப்பவர்கள் முன்னாலேயே குறுவை என்ற குறுகிய கால நெல்லை நட்டுவிடுவார்கள். கடலை ஒட்டிய ஊர்களில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு, அதற்கும் வழியில்லை. அந்த மாதத்தில் அந்த மனிதரின் வயல் விளைந்திருக்கவே முடியாது. "படம் அங்கேயே போச்சுங்க" என்றார் திருத்துறைப்பூண்டி நண்பர். அவர் சொன்னது முழுக்கச் சரி. தண்ணீர் வராத துக்கம்தான் அந்தப் படத்தின் உயிர், அந்த ஒரு ஷாட்டோடு துக்கம் பொய்யாகிவிட்டது. அதே விளைந்த வயல் ஒரு காதல் பாட்டின் பின்னணியில் தப்பான மாதத்தில் வந்திருந்தால் நான் கண்டுகொள்ள மாட்டேன், நீங்களும் கண்டுகொள்ள வேண்டாம்.

1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' இதற்கு நேர்மாறான உதாரணம். நாதஸ்வரக்காரர் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்துச் சிக்கல்காரர், நாட்டியக்காரி மோகனாம்பாள் திருவாரூர். திரையில் நாதஸ்வரத்தைப் பிடித்திருப்பவர் சிவாஜி கணேசன், நாம் கேட்கும் வாசிப்பு மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. கோயில் கச்சேரி கேட்டு வளர்ந்த நமக்கு அது இரவல் ஓசை என்று தெரியும். தெரிந்தும் படம் உடையவில்லை. இரண்டு கலைஞர்களின் கர்வம் மோதுவதுதான் அங்கே கதை. அந்தக் கர்வம் சிவாஜி மூச்சுப் பிடிக்கும் விதத்திலும் கன்னம் உப்புவதிலும் விரல் நகர்வதிலும் இருக்கிறது.

இன்னொரு தவறு கொஞ்சம் கூச்சமான விஷயம். எடுத்துக்கொண்ட விஷயம் பெரியது என்பதற்காகவே ஒரு புத்தகத்தைப் பெரியது என்று சொல்லிவிடுவது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977-ல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. விருது வந்த பிறகும் விவாதம் ஓயவில்லை. கூலி உயர்வு கேட்டதும் சங்கம் சேர்ந்ததும்தான் அந்தக் கொடுமைக்குக் காரணம், நாவலோ பண்ணையாரின் ஆண்மைக் குறையைப் பெரிதாக்கிக் காட்டிவிட்டது என்று அன்றே கேள்வி எழுந்தது. எனக்கும் அந்தக் குறை உண்டு. நாவலின் பேச்சும் வேகமும் பிடித்தன, காரணத்தை ஓர் ஆளின் உடம்புக்குள் கொண்டுபோய் வைத்தது பிடிக்கவில்லை. இதைப் படித்துறையில் முதல் தடவை சொன்னபோது, "அந்த 44 பேரைப் பற்றி எழுதியதையா குறை சொல்றே?" என்று ஒருவர் கோபப்பட்டார். இறந்தவர்கள் மேல் உள்ள மரியாதைதான் என்னை அப்படிச் சொல்ல வைத்தது. அவர்கள் ஏன் இறந்தார்கள் என்பதை ஒரு நாவல் எப்படிச் சொல்கிறது என்று பார்க்காமல் விருதுக்காகவோ சம்பவத்துக்காகவோ கைதட்ட எனக்கு மனம் வரவில்லை. நம்ம ஊர் எழுத்தாளர், நம்ம மனுஷர் என்பதற்காகத் தட்டும் கைதட்டலும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

முழுதாகப் படிக்காமல், செல்போனில் ஓட்டி ஓட்டிப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எண்பதாம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன் என்று சொல்லிவிட்டு அதற்குப் பிறகு பேசினால் யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை.

கடைசியாக ஒன்று. நாம் எந்த வயதில், எந்த நிலையில் படித்தோம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். தி. ஜானகிராமனின் 'மோகமுள்' எங்கள் ஊர்க் கதை. கல்லூரியில் படிக்கும்போது எடுத்தேன். பாபுவும் அவனைவிட மூத்த யமுனாவும் வரும் பக்கங்களைத் தேடித் தேடிப் படித்தேன், ரங்கண்ணாவிடம் பாபு பாட்டு கற்கும் இடங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். நீளம், இழுவை என்று நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். அதில் ஒருவர் அதை நம்பி இன்றுவரை அந்த நாவலைத் தொடவில்லை.

அப்பா இறந்த வருஷம் மறுபடி படித்தேன். இந்தத் தடவை ரங்கண்ணாவின் பக்கங்களில்தான் ரொம்ப நேரம் நின்றேன். அவர் சாவு வரும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வாசலுக்குப் போக வேண்டியிருந்தது. அப்போதிலிருந்து புத்தகம் முடித்ததும் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் தேதியும் அன்றைய வீட்டு நிலவரமும் ஒரு வரி எழுதுகிறேன். படித்துறையில் பேசும்போது அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் கருத்தைச் சொல்கிறேன். அந்த நாவலைத் தொடாத நண்பரிடம் என் பிரதியைக் கொடுத்திருக்கிறேன். முதல் பாகத்தில் இருக்கிறாராம்.